பைபிளுக்கு வெளியே நின்ற ஆதிக் கிறிஸ்தவ நூல்கள்: முதல்முறை படிப்பவர்களுக்கு

மரியாளின் அம்மா அன்னம்மாள், அப்பா சுவக்கின். கத்தோலிக்க வீடுகளில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பெயர்கள். ஜூலை 26 அவர்களுடைய திருநாள். ஆனால் பைபிளை எத்தனை முறை புரட்டினாலும் மரியாளின் பெற்றோர் யார் என்று ஒரு வரிகூடக் கிடைக்காது. கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் மாடும் கழுதையும் மத்தேயு, லூக்கா எழுதிய பிறப்புக் கதைகளில் இல்லை. பேதுருவைத் தலைகீழாகச் சிலுவையில் அறைந்த சம்பவமும் புதிய ஏற்பாட்டில் இல்லை.

இவை யாவும் இயேசுவுக்குப் பிந்திய சில நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்களே எழுதிப் படித்துப் பரப்பிய நூல்களிலிருந்து வந்தவை. அந்த நூல்கள் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களுக்குள் இடம் பெறவில்லை. இந்தக் கட்டுரையில் அவற்றைப் புறநூல்கள் என்று அழைப்போம்.

தமிழில் இங்கே ஒரு குழப்பம் வரும், அதை முதலிலேயே தீர்த்துவிடலாம். சீர்திருத்தத் திருச்சபையினர் ‘தள்ளுபடி ஆகமங்கள்’ என்று சொல்வது தொபித்து, யூதித்து, மக்கபேயர் போன்ற நூல்களை. அவை யூதர்கள் எழுதியவை, பழைய ஏற்பாட்டைச் சேர்ந்த விவகாரம். கத்தோலிக்கர்கள் அவற்றை ‘இணைத் திருமுறை’ என்று ஏற்று, தங்கள் பைபிளிலேயே வைத்திருக்கிறார்கள். 66 நூல், 73 நூல் என்ற வேறுபாடு அதனால் வருவதுதான். நாம் இங்கே பேசப்போவது புதிய ஏற்பாட்டுப் பக்கம். அந்த 27 நூல்கள் விஷயத்தில் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தத் திருச்சபையினருக்கும் சண்டையே இல்லை.

27 எப்படி வந்தது

‘கி.பி. 325-இல் நிசேயா சங்கத்தில் கான்ஸ்டன்டைன் பேரரசர் உட்கார்ந்து, பிடித்ததை வைத்துக்கொண்டு பிடிக்காததை எரித்தார்’ என்ற கதை வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றுகிறது. அது நடக்கவில்லை. நிசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம் இயற்றிய 20 விதிகள் இன்றும் கையில் இருக்கின்றன. எந்த நூல் திருமுறை (சபை ஏற்ற வேதநூல்), எது இல்லை என்பது பற்றி அவற்றில் ஒரு விதியும் கிடையாது.

நடந்தது மெதுவான காரியம். நான்கு நற்செய்திகளும் பவுலின் பெரும்பாலான கடிதங்களும் 2-ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே பெரும்பாலான சபைகளில் நிலைபெற்றுவிட்டன. இழுபறி ஓரத்தில் இருந்த நூல்களுக்குத்தான். 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செசரியா ஆயர் யூசேபியஸ் தமது திருச்சபை வரலாற்றில் நூல்களை வகைபிரிக்கிறார்: எல்லோரும் ஏற்றவை, சிலர் மறுப்பவை, போலி என்று ஒதுக்கப்பட்டவை, தொடவே கூடாதவை. யாக்கோபு, யூதா, 2 பேதுரு, 2 யோவான், 3 யோவான் ஆகியவை ‘சிலர் மறுப்பவை’ பட்டியலில் இருக்கின்றன. வெளிப்படுத்தல் நூலை எங்கே வைப்பது என்று அவருக்கே தெளிவில்லை. ஏற்றவற்றோடும் வைக்கிறார், ‘சிலர் தள்ளுகிறார்கள்’ என்று ஒதுக்கியவற்றோடும் வைக்கிறார்.

இன்றைய 27 நூல்களையும் கூடாமல் குறையாமல் தரும் முதல் பட்டியல், அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியுஸ் 367-இல் பாஸ்கா பண்டிகைக்காக எழுதிய சுற்றுமடல். அதற்குப் பிறகும் எல்லா ஊரிலும் ஒரே கோடு விழவில்லை. சிரியாக் மொழியின் பெஷித்தா பைபிளில் நெடுங்காலம் 22 நூல்கள்தான். 2 பேதுரு, 2 யோவான், 3 யோவான், யூதா, வெளிப்படுத்தல் ஐந்தும் அதில் இல்லை.

ஒரு நூல் உள்ளே வர என்ன பார்த்தார்கள்? அப்போஸ்தலர் ஒருவரோடோ அவருடைய நேரடிச் சீடரோடோ தொடர்பு இருக்க வேண்டும். பழையதாக இருக்க வேண்டும். பல ஊர்ச் சபைகளில் வழிபாட்டில் வாசிக்கப்பட வேண்டும். ஏற்கெனவே கற்பிக்கப்பட்டு வரும் விசுவாசத்தோடு முரண்படக் கூடாது. யாரும் இவற்றை வரிசை எண் போட்டுச் சட்டமாக எழுதி வைக்கவில்லை. அவர்கள் சண்டையிட்ட விதத்திலிருந்து நாம் புரிந்துகொள்வது இது.

ஒரு நூல் வெளியேறும் தருணம்

இதைக் கிட்டத்தில் பார்க்க ஒரு நல்ல உதாரணம் உண்டு. 200-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செராப்பியோன் என்பவர் அந்தியோக்கியாவின் ஆயர். அவர் பொறுப்பில் இருந்த ரோசுஸ் என்ற ஊர்ச் சபையில் ‘பேதுருவின் நற்செய்தி’யை வாசிக்கலாமா என்று தகராறு. செராப்பியோன் அந்த நூலைப் படித்ததில்லை. ‘பிரச்சினை இவ்வளவுதான் என்றால் வாசித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு, இயேசு உண்மையான மனித உடலோடு பாடுபடவில்லை, பாடுபட்டது போலத் தோன்றினார் என்று சொல்பவர்கள் இதைப் பயன்படுத்துவதாக அவர் காதுக்கு எட்டியது. அவர்களிடமிருந்தே ஒரு பிரதியை வாங்கிப் படித்தார். ‘பெரும்பாலானது சரியான போதனைதான், சில இடங்களில் மட்டும் சேர்த்திருக்கிறார்கள்’ என்று குறித்துக்கொண்டு, முன்பு கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற்றார். யூசேபியஸ் அவருடைய கடிதத்தை மேற்கோள் காட்டுவதால் இது நமக்குத் தெரிகிறது.

செராப்பியோன் செய்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். பெயரை மட்டும் பார்த்து அவர் ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. பிரதியைத் தேடி வாங்கிப் படித்த பிறகே முடிவெடுத்தார்.

அந்த நூல் பிறகு மறைந்துபோனது. 1886-87 குளிர்காலத்தில் எகிப்தின் அக்மீம் நகரில் ஒரு கல்லறையில் பிரெஞ்சு அகழாய்வாளர்களுக்கு ஒரு தோல் ஏடு கிடைத்தது. முதல் பக்கமும் இல்லை, தலைப்பும் இல்லை, வாக்கியம் நடுவில் தொடங்கி நடுவில் நிற்கிறது. ‘நானோ, சீமோன் பேதுரு’ என்று கடைசியில் கதை சொல்பவர் தம்மைக் குறிப்பிடுவதை வைத்துத்தான் இது எந்த நூல் என்று அடையாளம் கண்டார்கள். சிலுவையில் இயேசு ‘வலியே இல்லாதவர் போல’ மௌனமாக இருந்தார் என்று அதில் ஒரு வரி வருகிறது. செராப்பியோனின் கவலை எங்கிருந்து வந்திருக்கும் என்பதை அந்த வரி காட்டுகிறது. உயிர்த்தெழுதலை நான்கு நற்செய்திகளில் யாரும் நேரில் பார்ப்பதில்லை. இங்கே காவலர்கள் பார்க்கிறார்கள்: கல் தானாக உருள்கிறது, இருவர் ஒருவரைத் தாங்கிக்கொண்டு கல்லறையிலிருந்து வெளியே வருகிறார்கள், தலைகள் வானத்தைத் தொடுகின்றன, பின்னால் சிலுவை நடந்து வருகிறது. ‘உறங்குகிறவர்களுக்கு அறிவித்தாயா?’ என்று வானிலிருந்து குரல் கேட்க, சிலுவை ‘ஆம்’ என்று பதில் சொல்கிறது.

வெளியே நின்றவை எல்லாம் ஒரே ரகமா

இல்லை. புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, எல்லாவற்றையும் ‘சபை மறைத்த ரகசிய நூல்கள்’ என்று ஒரே மூட்டையில் கட்டுவது. ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு தூரத்தில் நிற்கிறது.

சில நூல்கள் வாசலிலேயே நின்றன. ரோமிலிருந்து கொரிந்து சபைக்கு 1-ஆம் நூற்றாண்டின் கடைசியில் போன கடிதம் 1 கிளமெந்து. அது 5-ஆம் நூற்றாண்டின் அலெக்சாந்திரினுஸ் கைப்பிரதியில் புதிய ஏற்பாட்டு நூல்களோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. 4-ஆம் நூற்றாண்டின் சினாய்திகுஸ் பிரதியில் வெளிப்படுத்தலுக்குப் பிறகு பர்னபா கடிதமும் ஹெர்மாவின் மேய்ப்பர் நூலின் ஒரு பகுதியும் வருகின்றன. ஹெர்மாவின் நூலை, புதிய ஏற்பாட்டு நூல்களின் பழைய பட்டியலான முராத்தோரி பட்டியல் ஏன் தள்ளியது தெரியுமா? ‘படிக்கலாம், நல்லதுதான். ஆனால் நம் காலத்தில் அண்மையில் எழுதியது. சபையில் தீர்க்கதரிசிகளோடும் அப்போஸ்தலரோடும் சேர்த்து வாசிக்க முடியாது’ என்பது அதன் வாதம்.

இந்த வாசல் நூல்களில் எனக்குப் பிரியமானது திதாகே, அதாவது பன்னிருவரின் போதனை. பழைய எழுத்தாளர்கள் அதன் பெயரைச் சொன்னார்கள், நூல் மட்டும் கிடைக்கவில்லை. 1873-இல் கான்ஸ்டான்டினோபிளில் பிலோத்தேயோஸ் பிரியேன்னியோஸ் என்ற குரு, 1056-இல் எழுதிய ஒரு கைப்பிரதியில் அதைக் கண்டெடுத்து, 1883-இல் அச்சிட்டார். பதினாறே சிறு அதிகாரங்கள். ஒரு சபை தினசரி எப்படி நடந்தது என்பதை இவ்வளவு நேராகச் சொல்லும் பழைய நூல் வேறு கிடையாது.

ஞானஸ்நானம் ஓடும் நீரில் கொடு. ஓடும் நீர் இல்லையென்றால் வேறு நீரில். குளிர்ந்த நீர் முடியாவிட்டால் வெதுவெதுப்பான நீரில். இரண்டும் போதுமான அளவு இல்லையென்றால் தலையில் மூன்று முறை ஊற்று. புதனும் வெள்ளியும் உபவாசம். கர்த்தர் கற்பித்த ஜெபம் ஒரு நாளில் மூன்று முறை. அப்புறம் ஊர் ஊராய் வரும் ஊழியக்காரரைச் சோதிக்கும் விதி: ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இரண்டு நாள், மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கன். புறப்படும்போது அடுத்த தங்குமிடம் வரை போதுமான அப்பம் கொடு; பணம் கேட்டால் கள்ளத் தீர்க்கன். இவ்வளவு நுணுக்கமாக விதி எழுத வேண்டிவந்தது என்றால், ஏமாற்றியவர்கள் எத்தனை பேர் வந்து போயிருப்பார்கள்!

இதை யாரும் எரிக்கவில்லை. புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்கள் படிக்க உகந்தது என்று அத்தனாசியுஸே தம் சுற்றுமடலில் சொல்கிறார். ஊர்சுற்றும் தீர்க்கர்கள் போய் நிலையான ஆயர்கள் வந்த பிறகு பாதி விதிகளுக்கு வேலையில்லை. நூலின் உள்ளடக்கம் 4-ஆம் நூற்றாண்டில் ஒரு பெரிய சட்டத் தொகுப்புக்குள் கரைந்துவிட்டது. பெரியது கையில் இருக்கும்போது சிறியதை யார் உட்கார்ந்து நகல் எடுப்பார்கள்? கையெழுத்துக் காலத்தில் நகல் எடுக்காத நூல் நூறு, இருநூறு ஆண்டுகளில் தானாகவே செத்துவிடும். நெருப்பில் போனதைவிட இப்படிப் போனவையே அதிகம் இருக்கும். எகிப்தின் வறண்ட மணல் மட்டும் பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டுகளைக் காப்பாற்றியது. அதனால்தான் கண்டுபிடிப்புகளில் பெரும்பங்கு எகிப்திலிருந்தே வருகிறது.

குடும்பக் கதை எழுதியவர்கள்

இன்னொரு வகை, நற்செய்திகள் சொல்லாமல் விட்ட இடங்களை நிரப்பியது. யாக்கோபின் முதல் நற்செய்தி 2-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியைச் சேர்ந்தது. அன்னம்மாளும் சுவக்கினும் வருவது இதில்தான். பிள்ளையில்லாத ஏக்கம், தேவதூதரின் செய்தி, மூன்று வயதில் மரியாளை ஆலயத்தில் விடுவது, மனைவியை இழந்த முதியவர் யோசேப்பின் கோலிலிருந்து புறா பறப்பது, குகையில் குழந்தை பிறப்பது எல்லாம் இங்கே இருக்கிறது. பிறப்பின் கணத்தில் உலகம் அப்படியே நின்றுபோவதை யோசேப்பு காண்கிறார். பறவைகள் வானில் அசையாமல் நிற்கின்றன. கூலிக்காரர்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தில் வைத்த கை வைத்தபடி இருக்கிறது. மேய்ப்பன் ஆடுகளை அடிக்க ஓங்கிய கோல் ஓங்கியபடி. ஆற்றில் வாய்வைத்த ஆட்டுக்குட்டிகள் குடிக்கவில்லை. பிறகு ஒரே நொடியில் எல்லாம் மறுபடி ஓடத் தொடங்குகிறது. இந்தப் பக்கத்தை எழுதியவர் பெரிய கலைஞர்.

வரலாற்று ஆதாரமாக இது தேறாது. பெண்குழந்தைகளை எருசலேம் ஆலயத்துக்குள் வைத்து வளர்க்கும் வழக்கம் யூதர்களிடம் இருந்ததில்லை. எழுதியவருக்கு ஆலயம் பழக்கமில்லை என்பது தெரிகிறது. ஆனாலும் கிழக்கில் நூற்றுக்கு மேற்பட்ட கிரேக்கப் பிரதிகள் எழுதப்பட்டன. மேற்கில் வேறு மாதிரி ஆனது. இயேசுவின் ‘சகோதரர்’ யோசேப்பின் முதல் தாரத்துப் பிள்ளைகள் என்று நூல் சொல்வதை, பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் கடுமையாக எதிர்த்தார், நூலும் ஒதுக்கப்பட்டது. கதையை ஒதுக்க முடியவில்லை. அதையே லத்தீனில் புதுக்கி, மத்தேயு பெயரில் ஒரு நூல் 7-ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்தது. மாடும் கழுதையும் குழந்தையை வணங்குவது அந்த நூலில் வருகிறது, ஏசாயா 1:3 வசனத்தைப் பிடித்துக்கொண்டு.

மூன்று தோமாக்கள்

அடுத்த குழப்பம் தோமா பெயரில் வருவது. ‘தோமாவின் நூல்’ என்று யாராவது சொன்னால், எது என்று உடனே கேளுங்கள்.

தோமாவின் குழந்தைப்பருவ நற்செய்தியில் ஐந்து வயது இயேசு ஓய்வுநாளில் களிமண்ணால் பன்னிரண்டு சிட்டுக்குருவிகள் செய்கிறார். கைதட்டியதும் அவை பறந்துபோகின்றன. களிமண் பறவைக்கு உயிர் கொடுப்பது குர்ஆனிலும் 3:49, 5:110 வசனங்களில் வருகிறது. தோளில் இடித்த பையன் இயேசுவின் சொல்லால் செத்து விழும் காட்சியும் இதே நூலில் உண்டு. விசுவாசிகள் ஏன் நெளிந்தார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தோமா நற்செய்தியில் கதையே கிடையாது. பிறப்பு, அற்புதம், சிலுவை, உயிர்ப்பு எதுவும் இல்லை. இயேசு சொன்னதாக 114 பொன்மொழிகள், அவ்வளவுதான். 1945-இல் எகிப்தின் நாக் அம்மாதி அருகே கிடைத்த தோல் அட்டைபோட்ட ஏடுகளில் இதன் முழு வடிவம் எகிப்தியக் கிறிஸ்தவர்களின் காப்டிக் மொழியில் இருந்தது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே எகிப்தின் ஆக்சிரின்கஸ் ஊர்க் குப்பைமேட்டில் கிரேக்கத் துண்டுகள் கிடைத்திருந்தன. அவை எந்த நூலைச் சேர்ந்தவை என்பது மட்டும் அப்போது தெரியவில்லை.

மூன்றாவது, தோமாவின் பணிகள். 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கம், சிரியாக் மொழி, எதெஸ்ஸா நகரம். தமிழ்நாட்டுக்கு நெருக்கமான நூல் இது. அப்போஸ்தலர்கள் நாடுகளைச் சீட்டுப்போட்டுப் பிரிக்கிறார்கள், தோமாவுக்கு இந்தியா விழுகிறது. போக மாட்டேன் என்கிறார். இயேசு அவரை ஹப்பான் என்ற வணிகனுக்குத் தச்சு வேலை தெரிந்த அடிமையாக விற்றுவிடுகிறார். குந்தபர் அரசன் அரண்மனை கட்டக் கொடுத்த பணத்தைத் தோமா ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, ‘உன் அரண்மனை பரலோகத்தில் இருக்கிறது’ என்கிறார். முடிவில் மஸ்தை என்ற வேறொரு அரசனின் ஆணையால், ஊருக்கு வெளியே ஒரு மலையில் வீரர்களின் ஈட்டிகளால் சாகிறார்.

குந்தபர் கற்பனை என்று நெடுங்காலம் நினைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அவன் நாணயங்கள் வடமேற்கு இந்தியப் பகுதிகளில் கிடைத்தன. பெஷாவர் பக்கம் தக்த்-இ-பாகி கல்வெட்டும் கிடைத்தது. அரசன் உண்மை, காலமும் 1-ஆம் நூற்றாண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நாணயம் நிரூபிப்பது அரசனை மட்டுமே. அவன் அரண்மனைக் கதையை நாணயம் நிரூபிக்காது. மயிலாப்பூர் என்ற பெயரும் நூலில் இல்லை. சாந்தோம், சின்னமலை, பரங்கிமலை சார்ந்த மரபை அதற்குரிய சான்றுகளை வைத்துத் தனியாக எடைபோட வேண்டும். நூலையும் மரபையும் ஒன்றாகக் கலந்தால் இரண்டுக்கும் நியாயம் செய்ய முடியாது. திருமணமானவர்களும் இல்லறத்தை விட்டுவிட வேண்டும் என்று நூல் வற்புறுத்துகிறது. சபைத் தலைவர்கள் விலகி நின்றதற்கு அது பெரிய காரணம்.

கையில் எடுத்தால் என்ன பார்க்க வேண்டும்

தலைப்பில் இருக்கும் பெயரை ஆசிரியர் பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள். மதிப்புக்காக அப்போஸ்தலர் பெயரைப் போடுவது அந்தக் காலத்தில் நடந்தது, மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. பவுலையும் அவருடைய சீடராகிய தெக்லா என்ற பெண்ணையும் பற்றிய கதையை எழுதிய ஆசியாவைச் சேர்ந்த ஒரு மூப்பர், ‘பவுல்மேல் இருந்த அன்பால் எழுதினேன்’ என்று ஒப்புக்கொண்டு பதவி இழந்ததாக ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதுகிறார்.

அடுத்து, நூல் எழுதிய காலத்தையும் கையில் இருக்கும் பிரதியின் காலத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். திதாகே ஏறத்தாழ 100-ஐ ஒட்டியது, முழுப் பிரதி 1056. நடுவில் ஆயிரம் ஆண்டு. பிரதியின் காலத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதற்கு நாக் அம்மாதியில் அழகான சான்று உண்டு. ஏழாம் ஏட்டின் அட்டையை விறைப்பாக்க, உள்ளே பழைய காகிதக் கழிவு போலப் பயன்படாத பாப்பிரஸ் ஆவணங்களை ஒட்டியிருந்தார்கள். அவற்றில் 341, 346, 348 ஆண்டுகளுக்குரிய தேதிகள் இருந்தன. ஆக, அந்த ஏடு 348-க்கு முன் கட்டப்பட்டிருக்க முடியாது.

பொருளின் வயதும் எழுத்தின் வயதும் ஒன்றல்ல. 2012-இல் ‘இயேசுவின் மனைவி’ என்று ஒரு பாப்பிரஸ் துண்டு உலகச் செய்தியானது. கரிமச் சோதனை, பாப்பிரஸ் ஏறத்தாழ 8-ஆம் நூற்றாண்டு என்றது. ஆனால் அதன் வரிகள் தோமா நற்செய்தியின் காப்டிக் சொற்களை வெட்டி ஒட்டியவை. இணையத்தில் இருந்த ஒரு பதிப்பின் அச்சுப்பிழைகூட அப்படியே வந்திருந்தது. பழைய வெற்றுத் துண்டில் புதிதாக எழுதியிருக்கிறார்கள். 2016-இல், அதை அறிவித்த பேராசிரியரே போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று ஒப்புக்கொண்டார்.

பர்னபா பெயரிலும் கவனம் வேண்டும். மேலே சொன்ன பர்னபா கடிதம் ஆதிகாலத்தது. விவாத மேடைகளில் வரும் ‘பர்னபாவின் நற்செய்தி’ வேறு நூல். அதன் இத்தாலியப் பிரதி 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்டது. யூபிலி என்ற விடுதலைப் பெருவிழா ஆண்டு நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் என்று அதில் இருக்கிறது. மோசேயின் சட்டத்தில் அது ஐம்பதாம் ஆண்டு. நூறாண்டு யூபிலி 1300-இல் ரோமில் அறிவிக்கப்பட்டது. ஆக, நூல் அதற்குப் பிந்தியது.

படிக்கத் தொடங்குபவர் திதாகேயில் தொடங்குங்கள், ஒரு மணி நேரம் ஆகாது. பிறகு யாக்கோபின் முதல் நற்செய்தி. தோமா நற்செய்தியை மூன்றாவதாக வையுங்கள், அதை மட்டும் தனியாகப் படிக்காதீர்கள். 9-ஆம் பொன்மொழியைத் திறந்து, பக்கத்தில் மாற்கு 4-ஆம் அதிகாரத்தை விரித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் விதைக்கிறவன் உவமை. வழியோரம், பாறை, முள், நல்ல நிலம் நான்கும் இரண்டிலும் உண்டு. தோமாவில் முள்ளில் விழுந்ததைப் புழுவும் தின்கிறது. மாற்கில் விளைச்சல் முப்பது, அறுபது, நூறு. தோமாவில் அறுபது, நூற்றிருபது. மாற்கில் இயேசு உவமைக்கு விளக்கம் சொல்கிறார், தோமாவில் விளக்கமே இல்லை. விளக்கம் சேர்வதற்கு முந்திய பழைய வடிவம் தோமாவிடம் இருக்கிறதா, மாற்கிலிருந்து எடுத்து விளக்கத்தை விட்டுவிட்டார்களா? ஆய்வாளர்கள் இன்றும் இரண்டு பக்கமாக நின்று வாதிடுகிறார்கள். இரண்டு பக்கத்தாரும் கையில் வைத்திருப்பது நீங்கள் இப்போது விரித்து வைத்திருக்கும் இதே வரிகளைத்தான்.